பாலும் எண்ணெயும் அளத்தல்: கனவளவிலிருந்து திணிவைக் கணிக்கும் முறை

முன்னுரை

கமக்காரர் தம் உழைப்பின் பயனை விற்கும்போதும், தமக்கு வேண்டியவற்றை வாங்கும்போதும் திரவப் பொருள்கள் பலவற்றைக் கையாள வேண்டியவராகின்றனர். பால், தேங்காயெண்ணெய், தேன், மண்ணெண்ணெய், பீடைகொல்லி மருந்து ஆகியன அவற்றுட் சில. இவை பெரும்பாலும் போத்தலாலும் இலீற்றராலும் அளக்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் விலையோ, கலக்கும் அளவோ, ஏற்றிச் செல்லும் சுமையோ கிலோகிராமிற் கூறப்படுவதும் உண்டு. அவ்வேளையில், ஓர் இலீற்றர் என்பது ஒரு கிலோகிராமே என்று எண்ணிக் கணக்கிடுவோர் பலர். தண்ணீரைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஏறக்குறையச் சரியாகும். ஏனைய திரவங்களுக்கு அது பொருந்தாது. பாலிலே நூற்றுக்கு மூன்று பங்கும், தேங்காயெண்ணெயிலே நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேலும், தேனிலே நூற்றுக்கு நாற்பது பங்கும் இதனாற் பிழை நேரும்.

பிழை சிறிதெனினும் நாள்தோறும் நேருமாயின் மாத முடிவில் அது பெருந்தொகையாகும். பணத்தினும் மேலாக, நேர்மையாகப் பால் கொடுப்பவர் நீர் கலந்தவர் எனப் பழிக்கப்படுவதற்கும் இவ்வறியாமை இடந்தருகின்றது. ஆதலின், கனவளவிலிருந்து திணிவைக் கணிக்கும் முறையும், அதற்கு வேண்டிய அடர்த்தியை அறியும் வழிகளும், அவ்வழிகளில் நேரக்கூடிய தவறுகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

திணிவு, கனவளவு, அடர்த்தி

ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு அதன் கனவளவு எனப்படும். திரவங்களின் கனவளவு இலீற்றரிலும் மில்லிலீற்றரிலும் கூறப்படும். 1,000 மில்லிலீற்றர் ஓர் இலீற்றராகும். ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு அதன் திணிவு எனப்படும். இது கிராமிலும் கிலோகிராமிலும் கூறப்படும். கடையிலே தராசில் நிறுத்து அறியப்படுவது இதுவேயாதலால், அன்றாட வழக்கில் இதனை நிறை என்றே கூறுவர்.

ஓர் இலீற்றர் அளவான ஒரு பொருளின் திணிவு எத்தனை கிலோகிராமோ அதுவே அப்பொருளின் அடர்த்தியாகும். ஒரே போத்தலைத் தண்ணீராலும் பின்னர் எண்ணெயாலும் அதன் பின்னர்த் தேனாலும் நிரப்பி நிறுத்தால் மூன்று வேறு நிறைகள் கிடைக்கும். போத்தலின் கொள்ளளவு மாறவில்லை. உள்ளே இருக்கும் திரவத்தின் அடர்த்தியே மாறியுள்ளது. இதிலிருந்து பின்வரும் விதி பெறப்படும்:

திணிவு = கனவளவு × அடர்த்தி

இவ்விதியைத் திருப்பியும் வழங்கலாம். திணிவு தெரிந்து கனவளவு வேண்டுமாயின், திணிவை அடர்த்தியாற் பிரித்தல் வேண்டும். திணிவும் கனவளவும் தெரிந்து அடர்த்தி வேண்டுமாயின், திணிவைக் கனவளவாற் பிரித்தல் வேண்டும்.

அலகுகளைப் பொருத்தமாகக் கொள்ளுதல் இன்றியமையாதது. கனவளவை இலீற்றரிற் கொண்டால் விடை கிலோகிராமில் வரும். மில்லிலீற்றரிற் கொண்டால் விடை கிராமில் வரும். இரண்டுக்கும் அடர்த்தியின் எண் ஒன்றே. ஒரு கன மீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என அடர்த்தி கூறப்பட்டிருப்பின், அவ்வெண்ணை 1,000ஆற் பிரித்து வழங்குக. பாலின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1,030 கிலோகிராம் என்பதும், ஓர் இலீற்றருக்கு 1.030 கிலோகிராம் என்பதும் ஒன்றே.

சில திரவங்களின் அடர்த்தி

கமத்திலும் வீட்டிலும் வழங்கும் சில திரவங்களின் அடர்த்தி, ஓர் இலீற்றருக்குக் கிலோகிராமில், ஏறத்தாழப் பின்வருமாறு:

தண்ணீர், 4 பாகை செல்சியசில் — 1.000
தண்ணீர், 30 பாகையில் — 0.996
பசும்பால், 4 பாகையில் — 1.035
பசும்பால், 20 பாகையில் — 1.030
பசும்பால், 30 பாகையில் — 1.027
தேங்காயெண்ணெய், 30 பாகையில் — 0.915
மண்ணெண்ணெய் — 0.80
தேன் — 1.40 முதல் 1.42 வரை

பால் பசுவுக்குப் பசு சிறிது வேறுபடும். தீவனம், இனம், கன்றீன்று கழிந்த காலம் ஆகியவற்றுக்கேற்பவும் அது மாறும். ஆதலின் மேலே கூறியவை பொதுக் கணக்குக்கு உதவுவன; சரியான அடர்த்தி வேண்டுமிடத்து அதனை அளந்தே அறிதல் வேண்டும்.

போத்தலும் தராசும் கொண்டு அடர்த்தி காணல்

சிறப்பான கருவி எதுவுமின்றி, ஒரு போத்தலும் நல்ல தராசும் கொண்டே அடர்த்தியைக் காணலாம். வாய் ஒடுங்கிய கண்ணாடிப் போத்தலொன்றை நன்கு கழுவி உலர்த்துக. அதன் கழுத்தில் மெல்லிய கோடொன்று வரைக. பின்னர் மூன்று முறை நிறுத்தல் வேண்டும்: முதலில் வெறும் போத்தலை, அடுத்துக் கோடுவரை தண்ணீர் நிரப்பிய போத்தலை, ஈற்றில் அதே கோடுவரை குறித்த திரவம் நிரப்பிய போத்தலை. திரவம் மாற்றும்போது போத்தலைக் கழுவி உலர்த்த மறத்தலாகாது. வெளிப்புறத்தில் ஒட்டிய துளிகளையும் துடைத்துவிடுக.

காட்டாக, வெறும் போத்தல் 425 கிராமும், தண்ணீருடன் 1,175 கிராமும், பாலுடன் 1,198 கிராமும் எனக் கொள்வோம். தண்ணீரின் நிறை 1,175 − 425 = 750 கிராம். பாலின் நிறை 1,198 − 425 = 773 கிராம். இரண்டும் ஒரே இடத்தை அடைத்தவையாதலால், 773ஐ 750ஆற் பிரிக்க 1.031 வரும். இப்பால் தன்னளவு தண்ணீரைப்போல் 1.031 மடங்கு பாரமுடையது என்பது இதன் பொருள். இவ்வெண் தன்னீர்ப்பு எனப்படும். தண்ணீரும் பாலும் 30 பாகையில் இருந்திருப்பின், இதனை அவ்வெப்பநிலையிலுள்ள தண்ணீரின் அடர்த்தியாகிய 0.996ஆற் பெருக்க, அப்பாலின் அடர்த்தி 1.027 எனக் கிடைக்கும்.

தராசு ஒரு கிராம் வரை காட்டவல்லதாயிருத்தல் வேண்டும். ஐந்து கிராம் பிழைக்கும் தராசைக் கொண்டு இச்சோதனையைச் செய்தால் விடை பயன்படாது. பாலுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு போத்தலில் உள்ள வேறுபாடே இருபத்துமூன்று கிராம் என்பதை நினைவிற் கொள்க.

பால்மானி

பாலின் அடர்த்தியை விரைவில் அறிய உதவும் கருவி பால்மானியாகும். அடிப்பாகத்தில் பாரமும் மேற்பாகத்தில் மெல்லிய தண்டும் உடைய கண்ணாடி மிதவையே அது. மிதக்கும் பொருளொன்று தன் நிறைக்குச் சமமான நிறையுடைய திரவத்தை இடம்பெயர்க்கும் என்னும் விதியின்மீது அது அமைந்துள்ளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞராகிய ஆக்கிமிடீசு கண்ட விதி இது. திரவம் அடர்த்தி மிக்கதாயின் சிறிதளவை இடம்பெயர்த்தலே போதும். ஆகவே மிதவை உயர்ந்து நிற்கும். அடர்த்தி குறைந்ததாயின் மிதவை ஆழ அமிழும்.

வழக்கமான பால்மானியின் தண்டிற் குறிக்கப்பட்டுள்ள எண்கள் அடர்த்தியின் ஈற்று இலக்கங்களாம். 30 என்னும் குறி 1.030ஐயும், 27 என்னும் குறி 1.027ஐயும் காட்டும். எவ்வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்பது கருவியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அது 20 பாகையாகவோ 15.5 பாகையாகவோ இருத்தல் கூடும். முதலில் அதனைப் பார்த்தறிந்துகொள்க.

அளக்கும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. கறந்தவுடன் அளத்தல் ஆகாது. அப்போது பாலிற் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அடர்த்தி குறைவாகத் தோன்றும். நுரை அடங்கும்வரை பாலைப் பொறுத்திருக்க விடுக.

2. மேலே மிதக்கும் கொழுப்புப் பாலெங்கும் ஒருசீராகப் பரவுமாறு, நுரை எழாமல் மெதுவாகக் கலக்குக.

3. உயரமான சாடியொன்றின் பக்கத்தால் பாலை ஊற்றி நிரப்புக. சாடி சமதரையில் நிற்றல் வேண்டும்.

4. பால்மானியை மெதுவாக இறக்கி விடுக. அது சாடியின் பக்கத்தைத் தொடாது மிதத்தல் வேண்டும். அசைவு நின்ற பின்னர், கண்ணைப் பாலின் மட்டத்துக்குக் கொணர்ந்து அளவை வாசிக்குக.

5. உடனே வெப்பமானியால் பாலின் வெப்பநிலையையும் அளந்து, இரண்டையும் எழுதி வைக்குக. வெப்பநிலை குறிக்கப்படாத பால்மானி அளவு அரைக் கணக்கேயாகும்.

பாலின் திணிவைக் கணித்தல்

ஒரு கமக்காரர் காலையிற் பத்து இலீற்றர் பசும்பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்கின்றார் எனக் கொள்வோம். பாலின் வெப்பநிலை 30 பாகை. பால்மானி 27ஐக் காட்டுகின்றது. ஆகவே அவ்வேளையில் பாலின் அடர்த்தி 1.027.

திணிவு = 10 × 1.027 = 10.27 கிலோகிராம்.

விலை இலீற்றருக்கு இவ்வளவு எனப் பேசப்பட்டிருப்பின் இக்கணக்கு வேண்டுவதில்லை. கிலோகிராமுக்கு இவ்வளவு எனப் பேசப்பட்டு, இலீற்றராலே அளந்து அதனையே கிலோகிராமாக எழுதுவார்களாயின், நாளொன்றுக்கு 0.27 கிலோகிராம் பால் கணக்கில் வாராது போகும். முப்பது நாளில் அது 8.1 கிலோகிராமாகும். ஒரு நாட் பாலின் பெரும்பகுதி மாதந்தோறும் விலையின்றிப் போகின்றதென்பதே இதன் பொருள்.

கொழுப்பின் அளவைக் கொண்டு விலை கணிக்குமிடத்தும் இவ்வாறே. பாலில் 4 சதவீதம் கொழுப்பு உண்டு என்றால், நூறு கிராம் பாலில் நான்கு கிராம் கொழுப்பு உண்டு என்பதே பொருள். எனவே சதவீதத்தைப் பெருக்க வேண்டியது திணிவினாலேயாம். 10.27 கிலோகிராம் பாலிற் கொழுப்பு 0.411 கிலோகிராம். பத்து இலீற்றரைப் பத்துக் கிலோகிராமாகக் கொண்டால் 0.400 கிலோகிராமே வரும்.

விற்போரும் வாங்குவோரும் எவ்வலகில் அளப்பது, எவ்வலகில் விலை கொடுப்பது என்பதை முதலிலேயே தெளிவாகப் பேசி எழுதிக்கொள்வது இருபாலார்க்கும் நன்மை பயக்கும்.

வெப்பமும் வீண்பழியும்

மேற்கூறிய கமக்காரரின் பாலிற் பால்மானி 27ஐக் காட்டியது. கலப்பற்ற பசும்பால் 20 பாகையிற் பொதுவாக 28க்கும் 32க்கும் இடைப்பட்ட அளவைக் காட்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே வெப்பநிலையைக் கருதாத ஒருவர் இப்பாலிலே தண்ணீர் கலந்துள்ளது என்று முடிவு செய்தல் கூடும். அம்முடிவு தவறானது. பால் சூடாயிருந்தமையால் விரிந்து அடர்த்தி குறைந்ததேயன்றி, அதில் எதுவும் சேர்க்கப்படவில்லை. அதே பாலை 20 பாகைக்குக் குளிர்வித்து அளந்தால் பால்மானி 30ஐக் காட்டும்.

இனி, உண்மையிலே தண்ணீர் கலந்த பாலைப் பார்ப்போம். 20 பாகையில் ஒன்பது இலீற்றர் நல்ல பாலுடன் ஓர் இலீற்றர் தண்ணீர் சேர்க்கப்பட்டதெனக் கொள்க.

பாலின் திணிவு = 9 × 1.030 = 9.270 கிலோகிராம்
தண்ணீரின் திணிவு = 1 × 0.998 = 0.998 கிலோகிராம்
மொத்தம் = 10.268 கிலோகிராம்
கலவையின் அடர்த்தி = 10.268 ÷ 10 = 1.027

இதற்கும் பால்மானி 27ஐயே காட்டும். எனவே 30 பாகையிலுள்ள நேர்மையான பாலும், 20 பாகையிலுள்ள பத்திலொரு பங்கு தண்ணீர் கலந்த பாலும் பால்மானிக்கு ஒன்றாகவே தோன்றும். வெப்பமானி ஒன்றே இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும். வெப்பமானி இன்றிப் பால்மானியை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றஞ்சாட்டுதல் நியாயமாகாது; வெப்பநிலையையும் அளக்குமாறு கேட்பதற்குப் பால் கொடுப்பவருக்கு உரிமையுண்டு.

வெப்பநிலைத் திருத்தம் செய்யும் முறை எளியது. 20 பாகைக்கு அளவிட்ட பால்மானியாயின், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் 0.2ஐக் கூட்டுக, குறைந்த ஒவ்வொரு பாகைக்கும் 0.2ஐக் கழிக்குக. காட்டாக, 22 பாகையில் அளவு 29.6 எனின், இரண்டு பாகைக்கு 0.4ஐக் கூட்ட 30.0 வரும். குறித்த வெப்பநிலைக்குச் சில பாகை மேலோ கீழோ இருக்கும்போதே இத்திருத்தம் நம்பத்தக்கது. வெப்பநிலை மிக விலகியிருக்குமிடத்து, பால் நிரம்பிய சாடியைக் குளிர்நீரில் வைத்து வெப்பநிலையைக் குறைத்த பின்னரே அளத்தல் வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். பாலின் தன்மையை ஆராய்வதற்குத் திருத்திய அளவையே கொள்ள வேண்டும். ஆனால் கலத்திலுள்ள பாலின் திணிவைக் கணிப்பதற்குத் திருத்தாத அளவையே, அதாவது இலீற்றரால் அளந்த அதே வெப்பநிலையிலுள்ள அடர்த்தியையே, கொள்ள வேண்டும். சூடான பாலின் கனவளவைக் குளிர்ந்த பாலின் அடர்த்தியாற் பெருக்கினால் விடை உண்மையினும் கூடும்.

பால்மானியால் அறியமுடியாதது

பால்மானியை முற்றும் நம்பிவிடுதலும் ஆகாது. பாற்கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.93, கொழுப்பு நீக்கிய பாலின் அடர்த்தி ஏறத்தாழ 1.035. ஆகவே கொழுப்பை எடுத்துவிட்டாற் பாலின் அடர்த்தி கூடும். தண்ணீர் சேர்த்தாற் குறையும். கொழுப்பையும் எடுத்துத் தண்ணீரையும் சேர்ப்பவன் பால்மானியை மீண்டும் 30இல் நிறுத்திவிடக் கூடும். மறுபுறத்தில், கொழுப்பு மிக்க சிறந்த பாலின் அடர்த்தி சற்றுக் குறைவாய்த் தோன்றவும் கூடும். எனவே கேர்பர் முறை போன்ற கொழுப்புச் சோதனையும் உடன் செய்யப்படும்போதே பாலைப்பற்றி முடிவு கூறுதல் தகும். எருமைப்பாலிற் கொழுப்பும் ஏனைத் திண்பொருள்களும் பசும்பாலிலும் மிகுதியாதலால், அதனைப் பசும்பாலின் அளவுகளோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

குளிரிற் குறையும் கனவளவு

கமக்காரர் கொடுத்த 10.27 கிலோகிராம் பால் நிலையத்திலே 4 பாகைக்குக் குளிர்விக்கப்படுகின்றது எனக் கொள்க. அவ்வெப்பநிலையில் அதன் அடர்த்தி 1.035.

கனவளவு = 10.27 ÷ 1.035 = 9.92 இலீற்றர்.

பத்து இலீற்றராக வாங்கிய பால் இப்போது 80 மில்லிலீற்றர் குறைந்து காணப்படும். ஆயிரம் இலீற்றர் பாலில் இக்குறைவு ஏறத்தாழ 8 இலீற்றராகும். பால் சிந்தவுமில்லை, எவரும் எடுக்கவுமில்லை. வெப்பத்தாலும் குளிராலும் கனவளவு மாறும், திணிவு மாறாது. பெருந்தொகைப் பாலைக் கையாளும் சங்கங்கள் கணக்கைக் கிலோகிராமில் வைத்துக்கொள்ளின் இத்தகைய ஐயங்களுக்கும் பிணக்குகளுக்கும் இடமிராது.

தேங்காயெண்ணெயும் தேனும்

இலங்கையிலே தேங்காயெண்ணெய் போத்தற் கணக்கில் விற்கப்படுவது வழக்கம். ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர் கொள்ளும். அதன் திணிவு 750 × 0.915 = 686 கிராம். ஒரு கிலோகிராம் எண்ணெய் வேண்டுமாயின், 1,000 ÷ 0.915 = 1,093 மில்லிலீற்றர் அளத்தல் வேண்டும். ஒரு கிலோகிராமுக்குரிய விலையைக் கொடுத்து ஓர் இலீற்றர் எண்ணெயைப் பெறுபவர் 85 கிராம் எண்ணெயை இழக்கின்றார். போத்தல் விலையையும் கிலோகிராம் விலையையும் ஒப்பிட விரும்புவோர், போத்தல் விலையை 0.686ஆற் பிரித்தால் ஒரு கிலோகிராமுக்குரிய விலையைப் பெறுவர்.

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையத் தொடங்கும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் அது கட்டியாகவே காணப்படும். உறைந்த எண்ணெயைப் போத்தலால் அளத்தல் ஆகாது. அதனை மெதுவாக இளக்கி அளக்குக. அல்லது தராசில் நிறுத்துக் கொள்ளுக.

தேன் இதற்கு நேர்மாறானது. அடர்த்தி 1.40 எனின், 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் 1,050 கிராம் தேன் அடங்கும். தேனில் நீர் மிகுந்தால் அடர்த்தி குறையும். அத்தகைய தேன் விரைவிற் புளிக்கும். எனவே தேனீ வளர்ப்போர் போத்தலை நிறுத்துப் பார்ப்பது திணிவை அறிதற்கு மட்டுமன்றித் தேன் முதிர்ந்ததா என்பதை அறிதற்கும் உதவும்.

விதைநெல் தெரிதற்கான உப்புநீர்

பதரையும் அரைமணியையும் நீக்கி, முற்றிய நெல்லை விதைக்குத் தெரிவதற்கு உப்புநீர் பயன்படுத்தப்படுவதுண்டு. முற்றாத மணிகள் அடர்த்தி குறைந்தனவாதலால் மிதக்கும்; நன்கு முற்றியவை அமிழும். வெறும் தண்ணீரிற் பதர் மட்டுமே மிதக்கும். அரைமணியும் மிதக்க வேண்டுமாயின் தண்ணீரின் அடர்த்தியைக் கூட்டுதல் வேண்டும்.

பத்து இலீற்றர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோகிராம் உப்பைக் கரைத்தால் அடர்த்தி ஏறத்தாழ 1.093 ஆகும். இக்கலவையின் திணிவு 10 + 1.5 = 11.5 கிலோகிராம். அதன் கனவளவு 11.5 ÷ 1.093 = 10.5 இலீற்றர். திணிவுகளைக் கூட்டலாம், கனவளவுகளை அவ்வாறு கூட்டுதல் எப்போதும் சரியாகாது என்பது இதனால் விளங்கும். கலவைக் கணக்குகள் எல்லாவற்றையும் திணிவைக் கொண்டே செய்தல் வேண்டும்.

உப்பின் ஈரமும் அழுக்கும் வேறுபடுவதால், கலவையை நீர்மானியால் அளந்து பார்ப்பது நன்று. நீர்மானி இல்லாதவர் புதிய கோழிமுட்டையொன்றை இடுக. கலவை தக்க அடர்த்தியுடையதாயின் முட்டை மிதந்து, அதன் ஓடு சிறு நாணய அளவு வெளித்தெரியும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலும் மிதக்குமாதலால் அது இச்சோதனைக்கு உதவாது. அமிழ்ந்த நெல்லை உடனே எடுத்து, உப்பு முற்றாக நீங்கும்வரை நல்ல தண்ணீரில் இருமுறை மும்முறை கழுவுதல் வேண்டும். எஞ்சிய உப்புநீரை நாற்றுமேடையிலோ வயலிலோ ஊற்றுதல் ஆகாது.

பீடைகொல்லிகளை அளத்தல்

திரவ நிலையிலுள்ள பீடைகொல்லிகளுட் சில தண்ணீரினும் பாரமானவை, சில இலேசானவை. சிட்டையில் மில்லிலீற்றர் எனக் குறிக்கப்பட்டிருப்பின் அளவுசாடியால் மில்லிலீற்றரையே அளக்குக. கிராம் எனக் குறிக்கப்பட்டிருப்பின் நிறுத்தே எடுக்குக. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைக் கொள்ளுதல் ஆபத்தானது. அடர்த்தி 1.2 உடைய மருந்தில் 100 கிராமுக்குப் பதிலாக 100 மில்லிலீற்றர் எடுப்பவர் 120 கிராமை எடுக்கின்றார். ஐந்திலொரு பங்கு மிகையாகப் பயிருக்கும் மண்ணுக்கும் இடுகின்றார். 100 மில்லிலீற்றருக்குப் பதிலாக 100 கிராம் எடுப்பவருக்கோ 83 மில்லிலீற்றரே கிடைக்கும். பீடை அழியாது செலவு வீணாகும். சமையலுக்குரிய கோப்பை, கரண்டி முதலியவற்றால் மருந்தை அளத்தல் ஒருபோதும் கூடாது.

சுமையைக் கணித்தல்

ஏற்றிச் செல்லும் சுமையை முன்னரே கணித்தறிவது உயிர்க்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகும். நாற்பது இலீற்றர்ப் பாற்கலமொன்றில் 40 × 1.027 = 41 கிலோகிராம் பால் இருக்கும்; கலத்தின் நிறை வேறு. இத்தகைய கலங்கள் இரண்டை ஈருருளியிற் கட்டிச் செல்பவர் தம்மோடு எண்பது கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையைக் கொண்டுசெல்கின்றார். பதினாறு இலீற்றர் கொள்ளும் தெளிகருவியை நிரப்பி முதுகில் ஏற்றுபவர், கருவியின் நிறையுடன் பதினாறு கிலோகிராமையும் சுமக்கின்றார். ஆயிரம் இலீற்றர்த் தண்ணீர்த் தாங்கியை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினால் சுமை ஏறத்தாழ ஒரு தொன்னாகும். பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதை முன்னரே அறிதல் வேண்டும். அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் தண்ணீர் அலைந்து வளைவுகளில் வண்டியைச் சரிக்குமாதலால், அதனை முற்றாக நிரப்பியோ முற்றாக வெறுமையாக்கியோ கொண்டுசெல்வதே பாதுகாப்பானது.

பழைய அளவைகள்

முதியோர் பலர் இன்றும் கலனையும் இறாத்தலையும் நினைவிற் கொண்டு பேசுவர். ஒரு கலன் 4.546 இலீற்றர், ஓர் இறாத்தல் 0.4536 கிலோகிராம். ஒரு கலன் தண்ணீரின் நிறை பத்து இறாத்தல் என்பது அவ்வளவையின் அடிப்படை. தன்னீர்ப்பை அறிந்தவர் அதனைப் பத்தாற் பெருக்கி, ஒரு கலன் திரவத்தின் இறாத்தற் கணக்கை உடனே கூறுவர். பால் ஒரு கலன் 10.3 இறாத்தல், மண்ணெண்ணெய் ஒரு கலன் 8 இறாத்தல். அலகு மாறினும் முறை ஒன்றே.

பயிற்சிக் கணக்குகள்

1. 18 இலீற்றர் பாலில் 30 பாகையிற் பால்மானி 27ஐக் காட்டுகின்றது. பாலின் திணிவு யாது?

2. 750 மில்லிலீற்றர்ப் போத்தல்கள் ஆறில் உள்ள தேங்காயெண்ணெயின் திணிவு யாது?

3. நான்கு கிலோகிராம் மண்ணெண்ணெய் எத்தனை இலீற்றர்?

4. 20 பாகைக்கு அளவிட்ட பால்மானி, 18 பாகையிலுள்ள பாலில் 30.4ஐக் காட்டுகின்றது. திருத்திய அளவு யாது?

5. அடர்த்தி 1.40 உடைய தேன் 2.1 கிலோகிராமை அடைக்க 750 மில்லிலீற்றர்ப் போத்தல்கள் எத்தனை வேண்டும்?

விடைகள்: (1) 18.49 கிலோகிராம். (2) 4.12 கிலோகிராம். (3) 5 இலீற்றர். (4) 30.0. (5) இரண்டு.

முடிவுரை

இதுவரை கூறியவற்றுள் நினைவில் இருத்த வேண்டியவை நான்கு. திரவத்தின் திணிவு அதன் கனவளவையும் அடர்த்தியையும் பெருக்குவதால் வரும். இரண்டையும் ஒரே வெப்பநிலையில் அளத்தல் வேண்டும். கனவளவு வெப்பத்தால் மாறும், திணிவு மாறாது. பால்மானியின் சொல்லை வெப்பமானியின்றி ஏற்றலாகாது.

ஒரு வெப்பமானியும், சரிபார்க்கப்பட்ட அளவுசாடியும், நாள்தோறும் எழுதப்படும் குறிப்புப் புத்தகமும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. பால் கொடுப்போர் பலர் ஒன்றுகூடி இவற்றைப் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். அளவு, வெப்பநிலை, பால்மானிக் குறி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நாளும் குறித்துவரின், கணக்கிலே ஐயம் எழும்போது அக்குறிப்பே சான்றாக நிற்கும். இம்முறைகளைப் பழகிக்கொள்ள விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி விளக்கம் பெறுவாராக.